சொந்தப் பெயரில் எழுதிய லூயிசெ ஆஸ்டன்

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மன் பெண் கவிஞர்களைத் தேடிப் போனால், கவிதைகளுக்கு முன்னால் புனைபெயர்களும் ஆண்களின் பெயர்களும்தான் கண்ணில் படுகின்றன. கரோலினெ ஃபொன் குண்டரோட 1804இல் ‘தியான்’ என்ற பெயரில் முதல் நூலை வெளியிட்டார். 1806இல் ரைன் நதிக்கரையில் அவர் உயிரை மாய்த்துக்கொண்டதும், அச்சிலிருந்த அடுத்த தொகுப்பை வெளிவராமல் தடுத்தது அவருடைய காதலர் க்ராய்ட்சரின் தரப்பு. அது வெளிவர நூறாண்டு ஆயிற்று. மரியானெ ஃபொன் வில்லமர் எழுதிய கவிதைகள் சில, கதேயின் ‘மேற்கு-கிழக்குத் திவான்’ நூலுக்குள் கதேயின் கவிதைகளாகவே 1819இல் அச்சேறின. ஷூபர்ட் அவற்றுக்கு இசையமைத்தார், உலகம் பாடியது. எழுதியவர் மரியானெ என்று ஹெர்மன் க்ரிம் 1869இல் வெளிப்படுத்தியபோது அவர் இறந்து ஒன்பது ஆண்டுகள் கடந்திருந்தன. பிற்காலத்தில் இருபது மார்க் பணத்தாளில் முகம் பொறிக்கப்படும் அளவுக்குப் புகழ்பெற்ற அன்னெட்டெ ஃபொன் ட்ரோஸ்டெ-ஹூல்ஸ்ஹோஃப்கூட, 1838இல் வந்த முதல் தொகுப்பில் குடும்பப் பெயரை வெறும் முதலெழுத்துகளாகச் சுருக்கிக்கொண்டார்.

இந்த வரிசையில் லூயிசெ ஆஸ்டன் ஒரு விலக்கு. முதல் கவிதை நூலிலேயே முழுப் பெயரையும் இட்டவர் அவர். அதற்கு அவர் கொடுத்த விலையையும், அந்த விலையைப் பற்றியே பேசிப் பேசி அவருடைய கவிதைகளை நாம் படிக்காமல் விட்டதையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

1814 நவம்பர் 26 அன்று ஹால்பர்ஷ்டாட் அருகிலுள்ள க்ரோனிங்கனில் பிறந்தார். தந்தை யோஹான் காட்ஃப்ரீட் ஹோகெ, புராட்டஸ்டன்ட் பாதிரியார். மக்களிடம் பரவிவந்த நாவல் படிக்கும் மோகத்தைக் கண்டித்து 1794இல் ஒரு நூலே எழுதியவர். அந்த வீட்டிலிருந்துதான் ஒரு நாவலாசிரியை வந்தார். 1835இல் மாக்டபுர்க் நகரின் ஆங்கிலேயத் தொழிலதிபர் சாமுவேல் ஆஸ்டனுக்கு மணமுடித்துவைத்தார்கள். கணவர் இருபது ஆண்டுகளுக்கு மேல் மூத்தவர். மணமுறிவு, அதே மனிதருடன் மறுமணம், மீண்டும் மணமுறிவு என்று கசந்துபோன அந்த வாழ்க்கையை விட்டு, மகளை அழைத்துக்கொண்டு பெர்லினுக்கு வந்தார்.

பெர்லினில் ப்ரூனோ பவர், மாக்ஸ் ஷ்டிர்னர் முதலிய இளம் ஹெகலியர் (தத்துவ அறிஞர் ஹெகலின் தீவிரச் சீடர்கள்) கூடிய மதுக்கடை வட்டாரத்தில் அவரும் உட்கார்ந்தார். சுருட்டுப் பிடித்தார், ஆண் உடை அணிந்து தெருவில் நடந்தார் என்று காவல்துறைக்கு மொட்டைக் கடிதங்கள் போயின. இளங்கவிஞர் ருடால்ஃப் காட்ஷால் தம் காதல் கவிதைத் தொகுப்பை அவருக்குச் சமர்ப்பித்ததும் குற்றச்சாட்டோடு சேர்ந்துகொண்டது. 1846இல், பொது அமைதிக்கு ஆபத்தான கருத்துகளைச் சொல்வதாகவும் அவற்றைச் செயலாக்க முயல்வதாகவும் கூறி அவரை நகரை விட்டு வெளியேற்றினார்கள். அமைச்சர் போடல்ஷ்விங்கை நேரில் கண்டு முறையிட்டார். மன்னருக்கும் மனு எழுதினார். பலனில்லை. நடந்ததையெல்லாம் ‘என் விடுதலை, வெளியேற்றம், என் தரப்பு நியாயம்’ என்ற தலைப்பில் எழுதி, ப்ருஷியத் தணிக்கைக்கு எட்டாத ப்ரஸ்ஸல்ஸில் அதே ஆண்டு வெளியிட்டார். விசாரணைக்கு ஆளான ஒரு பெண், விசாரித்தவர்களின் பேச்சையே அச்சில் ஏற்றி ஊருக்குக் காட்டியிருக்கிறார். அந்தக் காலத்து ஜெர்மன் உரைநடையில் இதற்கு நிகரான துணிச்சலை நான் அதிகம் கண்டதில்லை.

பன்னிரண்டு கவிதைகள் அடங்கிய ‘காட்டு ரோஜாக்கள்’ நூலும் அதே 1846இல் வந்ததுதான். திருமண விழாவைச் சாவுச் சடங்கின் நிறத்தில் காட்டும் கவிதை ஒன்று அதில் இருக்கிறது. பிரெஞ்சு நாவலாசிரியை ஜார்ஜ் சாந்துக்கு எழுதியதும் இருக்கிறது. நேர்மையாகச் சொன்னால், இத்தொகுப்பில் பாதி, மேடைமுழக்கம். விடுதலை, தீ, புயல் ஆகிய சொற்கள் அக்காலத்து அரசியல் கவிஞர் எல்லாரும் கையாண்டு தேய்ந்தவை. ஆஸ்டனும் அவற்றை அளவின்றிப் பயன்படுத்துகிறார். ஆனால் மணமேடையில் நிற்கும் பெண்ணின் உடலுக்குள் என்ன நடக்கிறது என்று எழுதும்போது முழக்கம் அடங்கிவிடுகிறது. அங்கே ஒரு கவிஞர் இருக்கிறார்.

1848 புரட்சி ஆண்டில் டென்மார்க்குக்கு எதிரான ஷ்லெஸ்விக் போருக்குத் தன்னார்வப் படையோடு செவிலியாகச் சென்றார். திரும்பி வந்து பெர்லினில் ‘தன்னார்வப் போராளி’ என்ற பொருள்படும் பெயரில் வார இதழ் தொடங்கினார். நவம்பரில் புரட்சியை ஒடுக்க, மன்னரின் தளபதி வ்ராங்கலின் படை நகருக்குள் நுழைந்தது. ஏழு இதழ்களோடு பத்திரிகை நின்றது. ஆசிரியர் மறுபடியும் வெளியேற்றப்பட்டார். 1850இல் இன்னொரு பன்னிரண்டு கவிதைகளை வெளியிட்டார். அந்த ஆண்டே ப்ரேமன் நகர மருத்துவர் எட்வர்ட் மையரை மணந்தார். அதன்பின் ஒரு நூலும் இல்லை. அவருடைய பெயரே கணவரின் வேலைக்கு உலைவைத்தது. 1855இல் மருத்துவமனைப் பதவியை இழந்த மையரோடு ரஷ்யா, ஹங்கேரி, ஆஸ்திரியா என்று அலைந்து, 1871 டிசம்பரில் தென் ஜெர்மனியின் வாங்கன் என்ற சிற்றூரில் இறந்தார். இருபத்தொரு ஆண்டு மௌனம்.

அவரைத் தள்ளிவைத்தவர்களில் காவல்துறை மட்டுமில்லை. ஜெர்மன் பெண்ணியக்கத்தின் தாய் என்று போற்றப்படும் லூயிசெ ஓட்டோவும், ஆண்களைப் போல நடப்பதையே விடுதலை என்று எண்ணும் பெண்களிடமிருந்து தம் பத்திரிகையை விலக்கி நிறுத்தினார். ஓட்டோவின் நிலையும் புரிகிறது. பெண்கள் பத்திரிகை ஆசிரியராக இருப்பதையே சாக்சனி அரசு 1850இல் சட்டம் போட்டுத் தடுத்தது; அப்படிப்பட்ட சூழலில் ஒழுக்கம் பற்றிய வதந்தி ஓர் இயக்கத்தையே கவிழ்த்துவிடக் கூடும். ஆனால் அந்த விலக்கம், ஆஸ்டனை இலக்கிய வரலாற்றில் சுருட்டுக் கதையாகச் சுருக்கவும் உதவியது.

1970களில் பெண்ணிய ஆய்வு வந்த பிறகே நிலைமை மாறியது. ரெனாட்டெ மோயர்மன் 1978இல் தொகுத்த ஆவண நூலும், ஜெர்மெய்ன் கோட்ஸிங்கர் 1983இல் வெளியிட்ட நூலும் ஆஸ்டனை மீட்டன. பெரும்பணி அது. ஆயினும் அவர் பெரும்பாலும் சான்றாகவே பயன்படுகிறார்: திருமணச் சட்டத்துக்குச் சான்று, காவல் கண்காணிப்புக்குச் சான்று.

அவரைக் கவிஞராகப் படிக்க வேண்டுமானால் அவர் எழுதிய சிலேசிய நெசவுக்காரிப் பாடலிலிருந்து தொடங்கலாம். சிலேசியாவில் 1844இல் நடந்த நெசவாளர் எழுச்சியைப் பற்றி ஹைன்ரிக் ஹைனெ எழுதிய கவிதை உலகறிந்தது. அதில் நெசவாளர் கூட்டமாக உட்கார்ந்து கடவுளையும் அரசனையும் நாட்டையும் சபிக்கிறார்கள். ஆஸ்டனின் பாடலில் ஒரு பெண் தனியாகப் பேசுகிறாள். மெட்டு எளிய நாட்டுப்பாடலின் மெட்டு. வறுமையில் தவிக்கும் அவளிடம் ஆலை முதலாளி அன்பாகப் பேசி, சில இரவுகளுக்கு ஒரு பொற்காசு தருவதாகச் சொல்கிறான். 1847இல் வந்த ‘ஒரு பெண்ணின் வாழ்விலிருந்து’ நாவலிலும் இதே பேரம் வருகிறது: கடனில் மூழ்கும் தொழிலதிபர், பணம் தரக்கூடிய இளவரசனுக்கு மனைவி இணங்க வேண்டும் என்கிறார். நெசவுக்காரிக்கும் முதலாளியின் மனைவிக்கும் விலை பேசுவது ஒரே கை என்பதை ஆஸ்டன் கண்டார். ஆலையின் துயரத்தை வெளியிலிருந்து பாடிய கவிஞர்கள் பலர். ஆலைக்காரர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்து எழுதியவர் இவர்.