ரோமின் தெருக்குழாய்

நண்பர்களோடு சிக்கனமாக ரோம் சுற்றுகிறவர்களுக்கு அந்த ஊர் செய்யும் பெரிய உபகாரம், தெருமுனையில் நிற்கும் ‘நாசோனே’ குழாய். 1874-இல் நகராட்சி வைக்கத் தொடங்கியது. வார்ப்பிரும்பு உடம்பு, மூக்குபோல் வளைந்த குழல். திருகு கிடையாது, தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். ஊர் முழுக்க இரண்டாயிரத்துக்கும் மேல்.

குழலின் மேற்புறத்தில் ஒரு சின்னத் துளை. கீழ்வாயை விரலால் அடைத்தால் தண்ணீர் துளை வழியே வளைந்தெழும்பி வாய்க்கு வரும். குழலுக்கடியில் தலையை நுழைக்க வேண்டாம், குவளையும் வேண்டாம். பழக்கமில்லாதவர் வேகமாக அழுத்தினால் பக்கத்தில் நிற்பவரின் சட்டை நனையும். கூட்டாளிகளுக்கு அதுவும் வேடிக்கைதான். ஆகஸ்ட் வெயிலிலும் தண்ணீர் ஜில்லென்று இருக்கிறது. ஓயாமல் ஓடுவதால் தேங்கிச் சூடேற நேரமில்லை. வீணாகிறதே என்ற முணுமுணுப்பிலும் நியாயம் உண்டு. 2017 வறட்சியில் பலவற்றை மூடினார்கள்.

ஆரம்பகாலக் குழாய்களுக்கு டிராகன் தலை வைத்த மூன்று வாய்கள். பாந்தியன் என்ற பழங்கோயிலுக்கு எதிரிலுள்ள சதுக்கத்தில் அப்படியொன்று இன்னும் நிற்கிறது. போகிறவர்கள் காலி பாட்டில் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். தண்ணீருக்குக் காசு கொடுக்காதீர்கள்.