பளபளக்கும் கதவும் துருப்பிடிக்கும் சேஸிஸும்

அமெரிக்காவில் வார நாட்களில் வேறு வேலை பார்த்துவிட்டு, சனி ஞாயிறுகளில் அடுத்தவர் வண்டியைக் கழுவி மெருகேற்றிக் கூடுதல் வருமானம் பார்ப்பவர்கள் ஏராளம். டீட்டெய்லிங் என்று இதற்குப் பெயர். பிரஷர் வாஷர், தண்ணீர்த் தொட்டி, இரண்டு வாளி, ஒரு கட்டு மைக்ரோஃபைபர் துணி ஆகியவற்றோடு வாடிக்கையாளரின் வீட்டு வாசலுக்கே போய்விடுகிறார்கள். அங்கே நிற்பது பெரும்பாலும் பிக்கப் டிரக்காக இருப்பதில் வியப்பில்லை. ஃபோர்டின் எஃப் வரிசை 1977 முதல் அந்நாட்டில் அதிகம் விற்கும் டிரக். கட்டட வேலைக்கும் பண்ணைக்கும் படகு இழுக்கவும் ஓடுகிற வண்டி, சேறும் தாரும் பூச்சிக் கறையுமாகத்தான் வந்து நிற்கும். அதன் வெளிப்புறத்தை மட்டும் சுத்தம் செய்து தருவது, இந்தத் தொழிலுக்குள் நுழைய எளிதான வழி. மதிக்கத்தக்க தொழில்தான். ஆனால் வாடிக்கையாளர் பணம் கொடுக்கும் இடம் ஒன்றாகவும், வண்டிக்குப் பயன் கிடைக்கும் இடம் வேறாகவும் இருக்கிறது. அதுதான் இதன் அடிப்படைக் கோளாறு.

நல்லதை முதலில் சொல்லிவிட வேண்டும். சில நூறு டாலரில் தொடங்கலாம். கடை வாடகை கிடையாது. கைத்திறனை யாரும் சான்றிதழ் கேட்டு அளப்பதில்லை. கதவைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அந்தத் திறன் சாதாரணமானதும் அல்ல. காய்ந்த சேற்றில் குவார்ட்ஸ் மணல் இருக்கிறது. பெயின்டின் மேல் காவலாக இருக்கும் கிளியர் கோட்டைவிட அது பல மடங்கு கடினம். சேற்றின் மேல் நேராகத் துணியை வைத்துத் துடைத்தால் உப்புத்தாள் தேய்த்தது போலத்தான். அதனால் விவரம் தெரிந்தவர் வண்டியை நிழலில் நிறுத்தி, நுரையை அடித்து, சில நிமிடம் ஊற விடுவார். அது காய்வதற்குள் அலசிவிடுவார். சக்கர வளைவின் உள்மடிப்பில் விரலை விட்டுப் பார்த்தால், மாதக்கணக்கில் அப்பிய மண் கல்லாகியிருக்கும். ஊறிய பிறகு தண்ணீர் பட்டதும் பாளம் பாளமாகப் பெயர்ந்து விழும். ரிம்மில் ஒட்டிய பிரேக் தூளின் மேல் அதற்கான மருந்தைத் தெளித்தால் இரும்புத்துகள் கரைந்து ஊதா நிறத்தில் வடியும். இத்தனைக்கும் பிறகுதான் கையுறை பெயின்டைத் தொட வேண்டும். இந்தப் பொறுமைக்காகவே இந்தத் தொழிலை நான் மதிக்கிறேன்.

இந்தப் பொறுமைக்குக் கிடைக்கும் கூலியைக் கணக்குப் போட்டால் மனம் கனக்கிறது. 150 டாலருக்கு ஒரு பிக்கப் என்று வைத்துக்கொள்வோம். போக வர 40 மைல். வருமான வரித்துறையின் 2025ஆம் ஆண்டுக் கணக்கில் மைலுக்கு 70 சென்ட் வீதம் 28 டாலர். மருந்துக்கும் ஷாம்புவுக்கும் 12 டாலர். மிச்சம் 110. சுயதொழில் செய்பவர் சமூகப் பாதுகாப்புக்கும் மெடிகேருக்குமாக 15.3 சதவீதம் கட்ட வேண்டும். அதுவும் போனால் கையில் 94 டாலர் அளவில் நிற்கும். வருமான வரி தனி. பயணத்தோடு சேர்த்து ஐந்து மணி நேரத்தில் முடிந்தால் மணிக்கு ஏறத்தாழ 19 டாலர். சேறு கூடி ஏழு மணி நேரமானால் 13 டாலர் சொச்சம். போனில் விலை பேசும்போது சேற்றின் கனம் யாருக்கும் தெரியாது. வண்டியின் அளவைப் பார்த்து விலை சொல்லும் வழக்கம், தெரியாத அந்தச் சேற்றின் நஷ்டம் முழுவதையும் கழுவுகிறவர் தலையில் கட்டுகிறது.

அந்த நஷ்டத்தை ஈடுகட்டத்தான் பலர் பளபளப்பை விற்கப் போகிறார்கள். பாலிஷ், செராமிக் கோட்டிங் என்று போனால் பில் பல மடங்காகிறது. கிளியர் கோட்டின் கனம் பொதுவாக 40, 50 மைக்ரான், தலைமுடியைவிட மெல்லியது. ஒவ்வொரு பாலிஷும் அதில் கொஞ்சம் சீவி எடுக்கிறது. வருடம் தவறாமல் தேய்க்கச் சொல்லும் ஆள், வாடிக்கையாளரின் பெயின்டைத் தின்று தன் வருமானத்தைப் பார்க்கிறார். கோட்டிங்குக்கு 9ஹெச் கடினம் என்று விளம்பரம் வருகிறது. அது பென்சிலால் கீறிப் பார்க்கும் அளவுகோல். கல்லின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவோடு அதைச் சேர்த்துப் பேசுவது ஏமாற்று வேலை.

பிக்கப்பைக் கொல்வது பெயின்டில் விழும் கீறல் அல்ல, துரு. மிச்சிகன், ஒஹாயோ, நியூயார்க் போன்ற பனி மாநிலங்களில் குளிர்காலச் சாலைகளில் உப்புக் கொட்டுவார்கள். உப்புநீர், வண்டியைத் தாங்கும் அடிச்சட்டமான சேஸிஸின் இடுக்குகளில் புகுந்து, சேற்றோடு சேர்ந்து ஈரமாகவே கிடக்கும். ஃபோர்டின் எஃப்-150 வண்டியின் பாடி 2015 மாடலிலிருந்து அலுமினியம். சேஸிஸ் இன்றும் எஃகுதான். துருவே பிடிக்காத கதவை மணிக்கணக்கில் தேய்க்கிறார்கள், துருப்பிடிக்கும் எஃகை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. டகோமா, டண்ட்ரா, செக்கோயா வண்டிகளின் சேஸிஸுக்குப் போதிய துருத்தடுப்பு இல்லை என்ற வழக்கில், டொயோட்டா 2016இல் சமரசத்துக்கு ஒப்புக்கொண்டது. ஏறத்தாழ 15 லட்சம் வண்டிகள். 340 கோடி டாலர் வரை செலவாகலாம் என்று மதிப்பிடப்பட்டது. அந்தக் குறை உற்பத்தியாளருடையதுதான். ஆனாலும் ஒரு பிக்கப்பின் ஆயுள் எங்கே இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக எதுவும் காட்டாது. நீர் பீய்ச்சும், சக்கரம் வைத்த தண்டு ஒன்றை வண்டிக்கு அடியில் தள்ளி அலசக் கொஞ்ச நேரம் போதும். இருந்தும் பலரின் விலைப்பட்டியலில் அந்த வேலைக்கு இடமே இல்லை, ஏனென்றால் புகைப்படத்தில் அது தெரியாது. உப்பு படியும் மாதங்களில் வாசலில் தண்ணீர் உறைந்துவிடுவதால், தேவை அதிகமாக இருக்கும்போதுதான் இந்தத் தொழில் முடங்கியும் போகிறது. இது தீர்க்கக் கடினமான குறை. பனி உருகியதும் முதல் வேலையாக அடிப்பக்கத்தைக் கழுவுவதே நடைமுறையில் செய்யக்கூடியது.

கழுவிய தண்ணீர் எங்கே போகிறது என்பதையும் பேச வேண்டும். பல அமெரிக்க நகரங்களில் தெருவோர மழைநீர் வடிகால் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போவதில்லை, நேரே ஓடைக்குப் போகிறது. தூய நீர்ச் சட்டத்தின் கீழுள்ள மழைநீர் விதிகள், வீட்டுக்காரர் தன் வண்டியைத் தானே கழுவுவதற்கு விலக்குத் தருகின்றன. காசு வாங்கிக் கழுவுகிறவருக்கு அந்த விலக்கு இல்லை. புல்தரையில் நிறுத்தியோ, விரிப்பு போட்டுத் தண்ணீரை உறிஞ்சியோ தப்பிக்கலாம். தண்ணீரே வேண்டாத முறை நல்லதென்பார்கள். சேற்று வண்டிக்கு அது ஆகாது, மணல் பெயின்டைக் கிழித்துவிடும். ஆக, சேறு படிந்த பிக்கப்பைக் கழுவுவது தண்ணீர் கேட்கும் வேலைதான். அந்தத் தண்ணீரைப் பிடித்து வைக்கும் செலவும் விலையில் சேர வேண்டும்.

இந்தத் தொழிலில் இறங்குகிறவர் வண்டியின் படத்தைப் பார்த்து விலை சொல்லட்டும், சேறு அதிகமானால் மணிக்கணக்கில் கூலி கேட்கட்டும், அடிப்பக்கத்தைப் பட்டியலின் முதல் வரியில் எழுதட்டும். வண்டியைக் கழுவக் கொடுப்பவரும் மெழுகைப் பற்றி விசாரிக்கும் முன் இரண்டு கேள்வி கேட்க வேண்டும்: சேஸிஸைக் கழுவுவீர்களா? தண்ணீரை எங்கே விடுவீர்கள்? இரண்டுக்கும் நேரான பதில் சொல்பவருக்குக் கேட்ட கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.