கழித்தால் கிடைக்கும் ஓசை

வடமாலபேட்டையில் என் அறை பத்துக்குப் பன்னிரண்டு அடி. கான்கிரீட் கூரை, வெறும் சுவர்கள், மேசைமேல் கம்ப்யூட்டர், நான்கு மூலைக்கும் ஒயர் இழுத்த 5.1 ஸ்பீக்கர் செட். ஆனால் என்னிடம் இருக்கும் பாட்டுகள் அத்தனையும் ஸ்டீரியோ, இரண்டே தடங்கள். இரண்டை ஐந்தாக்கிக் கேட்பது இசைக்குச் செய்யும் நன்மையா, கெடுதலா? எப்படி ஐந்தாக்குகிறோம் என்பதைப் பொறுத்தது அது.

பெரும்பாலான வீடுகளில் நடப்பது வெறும் நகலெடுப்பு. விண்டோஸில் 'ஸ்பீக்கர் ஃபில்' என்ற கட்டத்தை டிக் செய்தால் முன்னால் பாடுவதே பின்னாலும் பாடும். அறை நிறைந்துவிட்டது போலத் தோன்றும். கொஞ்ச நேரத்தில் பாடகர் பின்சுவருக்குப் போய்விடுவார். நான் கட்டிலில் சாய்ந்து கேட்கிறேன். முன் ஸ்பீக்கர் எட்டு அடியில், பின் ஸ்பீக்கர் மூன்று அடியில். ஒலி ஓரடி கடக்க ஏறத்தாழ ஒரு மில்லிசெகண்ட் ஆகும். ஆகவே பின்னாலிருந்து வருவது ஐந்து மில்லிசெகண்ட் முந்திக்கொள்கிறது. முதலில் வந்த திசையைத்தான் காது நம்பும். ஹெல்முட் ஹாஸ் 1949-லேயே ஆராய்ந்து எழுதிய விஷயம் இது. பதிவுப் பொறியாளர் யோசித்து யோசித்து நடுவில் நிறுத்திய குரலை நாம் ஒரு டிக்கில் இடம்பெயர்த்துவிடுகிறோம்.

எங்கள் பக்கத்து அப்பலாயகுண்டா பிரசன்ன வேங்கடேசுவரர் கோயிலில் நாதஸ்வரம் கேட்கும்போது வாசிப்பவர் முன்னால்தான் இருக்கிறார். கல்லில் பட்டுத் திரும்பும் நாதம் மட்டுமே முதுகைத் தொடுகிறது. சுற்றொலி என்பது அந்தத் திரும்பல்தான் என்று நான் நினைக்கிறேன். ஸ்டீரியோ பதிவுக்குள் அது ஒளிந்திருக்கிறது. வெளியே எடுக்கச் சின்னக் கழித்தல் கணக்குப் போதும். குரல் இடத்திலும் வலத்திலும் சம அளவில் இருப்பதால், இடத்திலிருந்து வலத்தைக் கழித்தால் குரல் மறைந்துபோகும். எஞ்சுவது எதிரொலியும், பக்கங்களில் விரிந்த வயலின்களும், கோரஸும். டேவிட் ஹாஃப்லர் இதை ஒரு ஒயர் இணைப்பிலேயே செய்துகாட்டினார். நான்கு தடங்களை இரண்டுக்குள் மடித்துவைத்த டால்பி ஸ்டீரியோ இதே கணக்கில் நின்றது. தமிழ் சினிமாவில் அதை 1995-ல் கொண்டுவந்தது 'குருதிப்புனல்'. 1987-ல் வீடுகளுக்கு வந்த ப்ரோ லாஜிக்கும் அந்த வழிதான். சென்னை ரிச்சி தெருவில் 'ப்ரோலாஜிக் போர்டு' வாங்கி அசெம்பிள் செட்டில் மாட்டுபவர்கள் விரும்புவதும் இதைத்தான்.

'பிரியா' (1978) தொடங்கி இளையராஜாவின் ஸ்டீரியோ பாட்டுகளுக்கு இந்தக் கழித்தல் அள்ளிக்கொடுக்கிறது. பல்லவி முடிந்து இடையிசையில் வயலின்கள் எழும்போது அறையின் சுவர்கள் விலகுகின்றன. ஜானகியின் குரல் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. பின் ஸ்பீக்கரை 15 முதல் 20 மில்லிசெகண்ட் தாமதப்படுத்தி, தனியாகக் கவனித்தால் மட்டுமே கேட்கும் அளவுக்குச் சத்தத்தைக் குறைத்துவைத்தால் பலன் இன்னும் கூடுகிறது.

குறையும் இதே கணக்கில்தான் இருக்கிறது. முழுக்க இடப்பக்கம் வைத்த ஒரு கிடாரைக் கழிக்க வலத்தில் எதுவும் இல்லை. அது முன்னால் ஒலிப்பதைவிட வெறும் 3 டெசிபெல் குறைவாகப் பின்னாலும் ஒலிக்கும். ஃபூபார் என்ற பாட்டு பிளேயரில் சேர்க்கும் ஃப்ரீசரவுண்ட் போன்ற நிரல்கள் ஒலியை அலைவரிசை வாரியாகப் பிரித்து இதைப் பெருமளவு சமாளிக்கின்றன. எம்பி3-யைத்தான் எதுவும் காப்பாற்றுவதில்லை. சிறிய கோப்புக்காக அது பெரும்பாலும் இரு தடங்களின் கூட்டலையும் வித்தியாசத்தையும் தனித்தனியே சுருக்கி, வித்தியாசத்துக்கு மிகக் குறைந்த இடமே ஒதுக்கும். முன்னால் கேட்டால் அந்தச் சேதத்தைக் குரல் மூடிவிடும். கழிக்கும்போது மூடியைத் திறந்துவிடுகிறோம். செல்போன் கடையில் மெமரி கார்டில் ஏற்றிவந்த என் பழைய பாட்டுகள், பின்னாலிருந்து தண்ணீருக்குள் பேசுவது போலக் கொழகொழக்கின்றன. அவற்றை ஸ்டீரியோவாகவே விட்டுவிடுவது மேல்.

விஸ்வநாதன்–ராமமூர்த்தி காலத்துப் பாட்டுகள் மோனோ. இடமும் வலமும் ஒன்றே என்பதால் கழித்தால் பூஜ்யம் வரவேண்டும். ஆனால் கேசட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாற்றிய பிரதியில் டேப்பின் இரைச்சல் இரு தடங்களிலும் ஒன்றாக இருப்பதில்லை. பி.பி. ஸ்ரீனிவாஸ் முன்னால் பாடிக்கொண்டிருக்க, பின் ஸ்பீக்கர்களிலிருந்து அந்த இரைச்சல் மட்டும் வந்துகொண்டிருக்கிறது. அந்தப் பாட்டுகளுக்கு, கம்ப்யூட்டருக்குப் பின்னால் கைவிட்டு, பின் ஸ்பீக்கரின் கறுப்பு ஜாக்கைப் பிடுங்கிவிடுகிறேன்.