பசை தடவும் முன் புரட்டிப் பாருங்கள்: கிளிஞ்சல் அருங்காட்சியகங்களும் நம் தமிழ் வகுப்பும்



மாமல்லபுரத்தில் இந்தியக் கடற்சிப்பி அருங்காட்சியகம் என்று ஒன்று இருக்கிறது. ராஜா முகமது என்பவர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் சேர்த்த தொகுப்பு. 40,000-க்கும் மேற்பட்ட கிளிஞ்சல்கள் உள்ளதாகச் சொல்கிறார்கள். தனி ஒருவரின் உழைப்பு என்று பார்த்தால் வியப்புதான். ஆனால் பெரும்பாலும் கண்ணாடிக்கு உள்ளே. பார்க்கலாம், படம் எடுக்கலாம், பிறகு கடையில் சாவிக்கொத்து வாங்கலாம்.

இந்தக் குறையைத் தீர்க்கத்தான் பல இடங்களில் 'கைவினைப் பட்டறை' வந்தது. நம் பள்ளி முகாம்களிலும் பார்த்திருப்பீங்க. ஒரு பை கிளிஞ்சல், ஒரு அட்டை, கொஞ்சம் பசை. இரண்டு மணி நேரத்தில் படச்சட்டம் தயார், குழுப் படமும் தயார். பிள்ளைங்க சந்தோஷமா இருக்காங்க, அதை மறுக்கவில்லை. என் கேள்வி ஒன்றுதான்: கிளிஞ்சலுக்குப் பதிலாகப் பொத்தான் கொடுத்திருந்தால் அந்தப் பாடத்தில் என்ன மாறியிருக்கும்? ஒன்றும் மாறாது என்றால் அது கிளிஞ்சல் பாடம் இல்லை.

அமெரிக்காவின் சனிபெல் தீவில் 1995-இல் திறந்த பெய்லி-மேத்யூஸ் தேசியக் கிளிஞ்சல் அருங்காட்சியகம் வேறு வழியில் போனது. 2020-இல் உயிருள்ள நத்தைகளையும் சிப்பிகளையும் தொட்டிகளில் வைத்தார்கள். ஓட்டுக்குள் ஓர் உயிர் வாழ்ந்தது, ஓட்டைக் கட்டியதே அந்த உயிர்தான் என்பது அங்கே பிள்ளையின் கண்ணெதிரே தெரிகிறது. 2022-இல் இயான் புயல் அடித்து மூட வேண்டிவந்தும், பழுதுபார்த்து மீண்டும் திறந்தார்கள். அந்த வசதி நமக்கு இல்லை. ஆனால் அந்த வரிசை நமக்கும் ஆகும்: முதலில் உயிர், அடுத்து வடிவம், கடைசியாகத்தான் கைவினை.

வடிவம் என்றால் என்ன? பிரிக்பீல்ட்ஸ் பூசைப்பொருள் கடையில் ஒரே ஒரு சங்கு வாங்கி வகுப்புக்குக் கொண்டு போங்க. சுருள் முடியும் முனை மேலே இருக்க, வாய் உங்களைப் பார்க்கும்படி பிடியுங்கள். சாதாரணச் சங்கு என்றால் வாய் வலப்பக்கம் இருக்கும். உயிரியல் நூல்கள் இதை வலச்சுழி என்கின்றன. இப்போ அதையே தலைகீழாகப் பிடிங்க. வாய் இடப்பக்கம் வந்துவிட்டது! நம் வழக்கில் இதன் பெயர் இடம்புரி. அரிதாகக் கிடைக்கும் வலம்புரியோ உயிரியலில் இடச்சுழி. ஒரே பொருள், எதிரெதிர்ப் பெயர்கள். கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்று இதைப் புரிந்துகொள்வது கடினம். கையில் இருந்தால் அரை நிமிடம் போதும்.

இலக்கியத்துக்கும் இதே கதைதான். அகநானூற்றின் 24-ஆம் பாடலில் ஆவூர் மூலங்கிழார் ஓர் உவமை சொல்கிறார். வளையலுக்காகச் சங்கை அரத்தால் அறுத்தபின் எஞ்சி நிற்கும் நுனிபோல, விரியாத பகன்றை மொட்டு இருக்கிறதாம். உரையைப் படித்து மனப்பாடம் செய்யும் மாணவருக்கு இது ஒரு மதிப்பெண். சங்கின் சுருள் முனையை விரலால் தடவிப் பார்த்தவருக்கு, முறுக்கிய மொட்டு எப்படி இருக்கும் என்று தானாகவே தெரியும். சங்கறுத்தல் ஒரு தொழிலாக இருந்தது என்ற செய்தியும் கூடவே வரும்.

இன்னொரு விஷயத்தையும் நாம் பேசியாக வேண்டும். கடைகளில் பை பையாக விற்கும் கிளிஞ்சல்கள் எங்கிருந்து வருகின்றன? கரையில் நாள்பட ஒதுங்கிக் கிடப்பவை உரசி மங்கிவிடும். பளபளப்பாக, உடையாமல் இருப்பவற்றில் நிறைய உயிரோடு எடுக்கப்பட்டவை. இந்தியாவில் சில வகைகளை 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் சேர்த்திருக்கிறார்கள். 'இயற்கையை நேசிப்போம்' என்று பதாகை கட்டிவிட்டு அந்தப் பையைப் பிரித்தால், பிள்ளைகள் எதைக் கற்பார்கள்?

சிலாங்கூர்க்காரர்களுக்கு அந்தப் பையே தேவையில்லை. நம் கடலோரச் சேற்றில் வளர்க்கும் கெராங் கிள்ளான் சந்தையில் கிடைக்கிறது. வீட்டில் சாப்பிடாதவர்கள் சாப்பாட்டுக் கடையில் கேட்டால் ஓடு தருவார்கள். கொதிக்க வைத்து, தேய்த்துக் கழுவி, வெயிலில் காய வையுங்கள். பிறகு வகுப்பில் இப்படிச் செய்யலாம்:

1. ஓட்டின் மேலுள்ள வரிகளை எண்ணச் சொல்லுங்கள். பெரும்பாலும் 15 முதல் 20 வரை வரும். அந்த உயிரின் இரத்தம் நம்முடையதைப் போலவே சிவப்பு என்பதையும் சொல்லுங்கள்.

2. சங்கு ஒற்றை ஓடு, சிப்பி இரட்டை ஓடு. கெராங் எதில் சேரும்? பல்லாங்குழி ஆடும் சோழி எதில் சேரும்? பிரித்து வைக்கட்டும்.

3. பார்த்ததை ஐந்து வாக்கியங்களில் எழுதட்டும். அதற்குப் பிறகுதான் பசை.

மாணவர்களே, மூன்றாவது படி உங்களுக்கு. எஸ்.பி.எம். கட்டுரையில் 'அங்கே அழகழகான கிளிஞ்சல்கள் பல இருந்தன' என்று எழுதினால், போகாதவரும் அதையே எழுதலாம். 'சங்கைத் தலைகீழாகப் பிடித்தபோது வலப்பக்கம் இருந்த வாய் இடப்பக்கம் வந்தது' என்று எழுதிப் பாருங்கள். அலங்காரச் சொல் ஒன்றுகூட இல்லை, ஆனாலும் எழுதியவர் தொட்டுப் பார்த்தவர் என்று திருத்துபவருக்குத் தெரியும்.

ஆசிரியர்களே, அடுத்த முகாமுக்குப் பட்டறை நடத்த யாரையாவது அழைத்தால், கட்டணம் பேசும் முன் இரண்டு கேள்வி கேளுங்க: இந்தக் கிளிஞ்சல் எங்கிருந்து வந்தது? ஒட்டுவதற்கு முன் பிள்ளைகள் அதை எவ்வளவு நேரம் கையில் வைத்திருப்பார்கள்? சரியான பதில் வராவிட்டால், ஒரு கிலோ கெராங்கும் ஒரு சங்கும் வாங்கி நாமே நடத்திவிடலாம்.