சர்க்கரைக் கணக்கின் இரண்டு பத்திகள்

உண்பதை நாள்தோறும் குறித்துவைக்கும் பழக்கம் நீரிழிவு மருத்துவரின் அறிவுரைத் தாளிலிருந்து கைப்பேசிச் செயலிக்கு இடம்மாறியதிலிருந்து, சர்க்கரையை இரண்டாகப் பிரித்து எழுதும் வழக்கமும் பரவி வருகிறது. பழத்திலும் பாலிலும் தானாகவே அமைந்திருப்பது இயற்கைச் சர்க்கரை; அது முதல் பத்தியில் எழுதப்படும். ஆலையிலோ அடுப்படியிலோ தம்ளரிலோ மனிதக் கை இடுவது சேர்க்கப்பட்ட சர்க்கரை; அது இரண்டாம் பத்தியில் எழுதப்படும். இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவுடன் வாழ்கிறார்கள் என்று சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் இணைந்து 2023-இல் வெளியிட்ட ஆய்வு கணித்திருக்கும் நிலையில், இப்பழக்கத்தைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. ஆனால் இந்தப் பிரிவினை அறிவியல் நோக்கில் எவ்வளவு உறுதியானது என்பது ஒரு கேள்வி. மும்பை வட்டாரத்தில் தாணே, செம்பூர், மாதுங்கா, தாராவி என்று பரவி வாழும் தமிழரைப் போல, பொட்டல உணவைவிட வீட்டுச் சமையலையும் தெருக்கடையையும் சார்ந்து உண்போருக்கு அது எந்த அளவுக்குப் பயன்படும் என்பது வேறொரு கேள்வி.

வேதியியல் இந்தப் பிரிவினைக்குத் துணை நிற்பதில்லை. வாழைப்பழத்திலுள்ள சுக்ரோஸும் கரும்பாலையிலிருந்து வரும் சுக்ரோஸும் ஒரே மூலக்கூறுதான். வேறுபாடு அது எதனுள் பொதிந்து வருகிறது, எவ்வளவு விரைவாகவும் எவ்வளவு எளிதாகவும் உள்ளே போகிறது என்பதில் இருக்கிறது. பிரிட்டனின் அரசுக்குழு ஒன்று 1989-இல் இதைக் கருத்தில் கொண்டே செல்சுவருக்குள் அடங்கிய சர்க்கரை, அதற்கு வெளியே உள்ள சர்க்கரை, பால் சர்க்கரை என்று வகைபிரித்தது. உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறி ‘கட்டற்ற சர்க்கரை’ என்ற கருத்தை அடிப்படையாகக் கொண்டது. ஆலையாரும் சமைப்பவரும் உண்பவரும் சேர்க்கும் சர்க்கரையோடு தேன், பாகு, பழச்சாறு ஆகியவற்றில் இயல்பாக இருப்பதும் அதில் அடங்கும். மொத்த ஆற்றலில் 10 விழுக்காட்டுக்குக் கீழ், இயன்றால் 5 விழுக்காட்டுக்குக் கீழ் என்பது அந்நெறியின் வரம்பு. 2000 கலோரி உண்பவருக்கு அது முறையே 50 கிராமும் 25 கிராமும் ஆகும். இதில் மற்றொரு சிக்கலும் உண்டு. ஒரு பண்டத்தில் எவ்வளவு சர்க்கரை இயற்கையாக வந்தது, எவ்வளவு சேர்க்கப்பட்டது என்பதை ஆய்வகச் சோதனை பிரித்துக் காட்டாது. அதனாலேயே 2016-இல் சேர்க்கப்பட்ட சர்க்கரையைத் தனி வரியாக்கிய அமெரிக்க விதி, இரண்டும் கலந்த பண்டங்களுக்குத் தயாரிப்பாளர் செய்முறைப் பதிவேடு வைத்திருக்க வேண்டும் என்றும் கூறியது. ஆகவே இரண்டாம் பத்தியில் எழுதப்படும் எண், அளந்து பெறப்பட்டதன்று. செய்தவர் சொல்லை நம்பிப் பெறப்பட்டது.

சொல்வதற்கு ஒருவர் கடமைப்பட்டிருக்கும் இடத்தில் இம்முறை நன்றாகவே வேலை செய்கிறது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு விதிகள், பொட்டலத்தின் மேல் மொத்தச் சர்க்கரையையும் சேர்க்கப்பட்ட சர்க்கரையையும் தனித்தனியே அச்சிடச் சொல்கின்றன. தாணேயின் எந்தப் பால்பொருள் கடையிலும் அருகருகே இருக்கும் வெறும் தயிரையும் இனிப்பூட்டிய தயிரான ஸ்ரீகண்டையும் எடுத்துக்கொண்டால் இதன் அருமை விளங்கும். தயிரின் மொத்தச் சர்க்கரை 100 கிராமுக்கு ஏறத்தாழ 4, 5 கிராம். அது முழுவதும் பாலுக்குரியது. ஸ்ரீகண்டில் 40 கிராம் அளவுக்குக்கூடச் சர்க்கரை சேர்க்கப்படுவதுண்டு. இந்த இரண்டின் வேறுபாடு எவருக்கும் நாவிலேயே தெரியும். ஆனால் பழச்சுவையூட்டிய தயிர், மால்ட் பானம், காலையுணவுத் தானியம் ஆகியவற்றில் நாக்கு ஏமாறும், இரண்டாம் பத்தி மட்டுமே உண்மையைச் சொல்லும். இந்நிலையில், 2024 ஜூலையில் ஆணையம் ஒப்புதல் அளித்த முன்மொழிவு, தடித்த எழுத்தில் காட்ட வேண்டியவற்றுள் மொத்தச் சர்க்கரையைக் குறிப்பிட்டது வருந்தத்தக்கது. மொத்தம் மட்டும் கண்ணில் படுமானால், பாலும் பழமும் மிட்டாயோடு ஒரே தட்டில் நிறுக்கப்படும்.

பொட்டலத்தை விட்டு வெளியே வந்தால் எல்லைக்கோடு குழம்பத் தொடங்குகிறது. சித்திரை, வைகாசியில் மும்பை வட்டாரத் தமிழ் வீடுகளும் மராத்திய அண்டை வீட்டாரைப் போலவே ஹாபூஸ் மாம்பழத்தைப் பிழிந்து ஆம்ரஸ் செய்கின்றன. துண்டு போட்டு உண்ணும் மாம்பழம் ஐயமின்றி முதல் பத்திக்குரியது. அதே பழத்தை மிக்சியில் கூழாக்கினால், பிரிட்டன் 2018-இல் வகுத்த வரையறைப்படி அதன் சர்க்கரை கட்டற்றதாகிவிடுகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் வரையறையோ சாற்றைச் சொல்கிறதே தவிரக் கூழைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. பேரீச்சம்பழத்தை அரைத்து உருட்டிச் ‘சர்க்கரை சேர்க்காத லட்டு’ என்று விற்கும் இனிப்புக்கடையின் கூற்று சொல்லளவில் மெய்; பிரிட்டன் கணக்கில் அந்த லட்டு இரண்டாம் பத்தியில்தான் விழும். கண்ணெதிரே பிழியப்படும் கரும்புச்சாற்றில் எவரும் சர்க்கரை சேர்ப்பதில்லை, எனினும் அது முழுக்கக் கட்டற்ற சர்க்கரை. நெல்லைச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்த குடும்பங்கள் ஊரிலிருந்து தருவித்துக்கொள்ளும் கருப்பட்டியும், கோலாப்பூர் வெல்லமும், தாதுச்சத்து சிறிதளவு உடையவை என்றாலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான். ‘இயற்கையானது’ என்ற பெயரால் அவற்றை முதல் பத்தியில் எழுதுவதே இப்பழக்கத்தில் மிகுதியாக நேரும் பிழை. சேர்க்கப்பட்டதா இல்லையா என்று கேட்பதைவிடக் கட்டற்றதா இல்லையா என்று கேட்பதே சரியான கேள்வி என்பதற்கு இவை போதிய சான்றுகள்.

அளவுச் சிக்கல் இதைவிடப் பெரியது. ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட இந்திய உணவுப் பகுப்பாய்வு அட்டவணை 528 உணவுகளைச் சொல்கிறது; அவை பெரும்பாலும் சமைக்காத மூலப்பொருள்கள். தாணே ரயில் நிலையத்துக்கு வெளியே அரைத் தம்ளராக ஊற்றித் தரப்படும் கட்டிங் சாயில், தேயிலையோடும் இஞ்சியோடும் சர்க்கரை பாத்திரத்திலேயே கொதித்துவிடுகிறது; குடிப்பவர் கரண்டியைத் தொடுவதே இல்லை. உடுப்பி முறைச் சாம்பாரிலும் மராத்திய ஆம்டியிலும் கரைந்திருக்கும் வெல்லம், புளிப்பைச் சமன்செய்துவிட்டு நாவுக்குத் தெரியாமல் மறைந்துவிடுகிறது. செயலியில் ‘தேநீர், ஒரு கோப்பை’ என்று தேர்ந்தெடுப்பவருக்குக் கிடைக்கும் எண், வேறு யாரோ வேறு எங்கோ குடித்த தேநீரின் எண். 1972-இல் தொடங்கப்பட்ட தேசிய ஊட்டச்சத்துக் கண்காணிப்பு அமைப்பின் களப்பணியாளர்கள் தமிழ்நாட்டிலும் மகாராட்டிரத்திலும் வீடு வீடாகச் சென்று, அளவுக் கிண்ணங்களைக் காட்டி, முந்திய 24 மணி நேரத்தில் உண்டதைக் கேட்டு எழுதியது, இந்த இடைவெளியை அவர்கள் உணர்ந்திருந்ததால்தான். இதில் மனித மனமும் குறுக்கிடுகிறது. சிறுநீரில் வெளியேறும் சுக்ரோஸ், ஃபிரக்டோஸ் அளவுகளிலிருந்து உண்ட சர்க்கரையைக் கணிக்கும் முறையைக் கேம்பிரிட்ஜில் ஷீலா பிங்காமின் குழுவினர் 2005-இல் வெளியிட்டனர். அதன்வழி நடந்த ஒப்பீடு, உடற்பருமன் மிக்கோர் தம் உணவுக் குறிப்பில் சர்க்கரையைக் குறைத்து எழுதுவதைக் காட்டியது. நோய் அச்சம் மிகுந்தவரின் குறிப்பேட்டில் எண் சிறுத்துப்போவது பொய்யால் மட்டுமன்று, கூச்சத்தாலும்தான்.

இவை அனைத்தும் திருத்தக்கூடிய குறைகள். திருத்த முடியாத குறை மாவுச்சத்தில் இருக்கிறது. தாராவியில் விடியுமுன் அவித்து நகரமெங்கும் தலைச்சுமையாகவும் மிதிவண்டியிலும் சென்று விற்கப்படும் இட்லியில், இரு பத்திகளிலும் எழுதத்தக்க சர்க்கரை ஏறக்குறைய இல்லை. உண்ட சிறிது நேரத்தில் அதன் மாவுச்சத்து குளுக்கோசாக இரத்தத்தில் கலக்கிறது. இந்தியர் தம் ஆற்றலில் ஏறத்தாழ 62 விழுக்காட்டை மாவுப்பொருள்களிலிருந்து பெறுகிறார்கள் என்று, தொடக்கத்தில் குறித்த நீரிழிவு ஆய்வின் தொடர்ச்சியாக 2025-இல் வெளிவந்த கட்டுரை தெரிவிக்கிறது. தென்னாட்டில் அதன் பெரும்பங்கு வெள்ளை அரிசிக்குரியது. சர்க்கரைப் பத்தி 20 கிராமில் நின்றுவிட்டதைக் கண்டு நிறைவடையும் ஒருவர், இரு வேளைச் சோற்றையும் ஒரு வேளை இட்லியையும் கணக்கில் கொள்ளாமலே அந்த நிறைவை அடைந்திருக்கக்கூடும். மேலைநாட்டு உணவில் மாவும் இனிப்பும் ரொட்டி, கேக், குளிர்பானம் என்று பொட்டலமாக வருவதால் அங்குப் பயன்படும் அளவுகோல், அரிசி உண்போரிடையே பாதியைத்தான் அளக்கிறது.

வீட்டளவில் இதைவிட எளிதும் நம்பகமும் ஆன கணக்கு ஒன்று உண்டு: மாதச் சாமானில் வாங்கும் சர்க்கரையையும் வெல்லத்தையும் கூட்டி ஆட்களாலும் நாட்களாலும் வகுப்பது. நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் 3 கிலோ சர்க்கரையும் 1 கிலோ வெல்லமும் தீர்ந்தால், ஆளுக்கு நாளொன்றுக்கு 33 கிராம். வெளியில் ஒரு வாய் குடிக்குமுன்பே 25 கிராம் வரம்பு கடந்துவிட்டது. சாம்பாரில் கரைந்தது, காபியில் கலந்தது, பண்டிகைப் பாயசம், தைப்பொங்கல் பானை எல்லாம் இதில் அடங்கிவிடுவதால், நினைவையும் கூச்சத்தையும் இது நம்பியிருக்கவில்லை. வீட்டில் யார் எவ்வளவு உண்டார் என்பதை இது சொல்லாது என்பது மெய்தான். அதற்கு ஒவ்வொருவரும் தம் காபியில் விழும் கரண்டிகளையும் வெளியே குடித்த தேநீரையும் பொட்டலத்தின் இரண்டாம் பத்தியையும் குறித்தால் போதும், பழத்தையும் பாலையும் கிராமாக்கத் தேவையில்லை. குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுத் தாராவியின் அறைகளில் கூட்டாகத் தங்கி மெஸ்ஸில் உண்ணும் தொழிலாளிக்கு மாதச் சாமான் கணக்கு என ஒன்று இல்லை. அவர் குடிக்கும் கட்டிங் சாய்களின் எண்ணிக்கையே அவரது சர்க்கரைக் கணக்கில் பெரும்பகுதி. அதை எண்ணுவதற்குச் செயலியும் வேண்டியதில்லை.