துருவைத் தட்டிப் பார்ப்பவர்

காசிமேட்டில் மீன் ஏற்றும் பிக்கப் வண்டிகளின் அடிப்பாகம் காய்வதே அபூர்வம். ஐஸ் உருகி வழியும் உப்புநீர் சேஸியில் ஊறி, இரும்பைச் செதில் செதிலாக உரித்துவிடும். சுத்தியலால் தட்டி, ஓசையிலேயே நல்ல இரும்பையும் உளுத்ததையும் பிரித்தறியும் தொழிலாளியின் காதை வியக்கிறேன். ‘டங்’ என்றால் தப்பித்தது. ‘டப்’ என்றால் வெட்டியெடுத்து வெல்டிங்தான். பிறகு கம்பி பிரஷ் தேய்ப்பு. ஒட்டியிருக்கும் மிச்சத் துருவைப் பாஸ்பாரிக் அமிலம் இரும்பு பாஸ்பேட்டாக மாற்றும். காய்ந்ததும் ரெட் ஆக்சைடு, அதன்மேல் கறுப்புப் பெயிண்ட். துருவின்மேலேயே பெயிண்ட் பூசுவது ஏமாற்று வேலை. உள்ளே அரிப்பு நிற்காது. சேஸியின் வடிகால் ஓட்டைகளில் அடைத்த சேற்றையும் குத்தியெடுப்பவரே கைதேர்ந்தவர். வண்டிக்காரர்களே, லோடு இறக்கியதும் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள்.