பாதரசப் பாடல்கள்: எது முந்துகிறது?

ஜெர்மனியின் ராம்ஸ்டைன் குழு தன் ஹிட் பாடல்களைத் தொகுத்து 2011-ல் ஓர் ஆல்பம் வெளியிட்டது. பழைய பாடல்களோடு புதிதாக ஒன்றே ஒன்று. இன்டஸ்ட்ரியல் ராக் ரசிகர்கள் அதைக் குழுவின் மதிப்பெண் பட்டியலாகவே வைத்துப் பேசினார்கள். ஆலைச் சத்தத்தைத் தாளமாக்கிய இசை அது. ஆலையை எதிர்த்தே பாடிய பாட்டு நம் பழனி மலைத்தொடரில் இருக்கிறது. அதற்கும் அப்படியொரு தொகுப்பு போட்டால் எந்தப் பாட்டு தேறும்?

முதலில் களம். அமெரிக்காவின் வாட்டர்டவுனில் இருந்த தெர்மாமீட்டர் ஆலை 1980-களின் தொடக்கத்தில் கொடைக்கானலுக்கு வந்தது. பாண்ட்ஸ் நிறுவனம் தொடங்கியது, பிறகு யூனிலீவர் கைக்குப் போனது. 2001 மார்ச்சில் கொடைக்கானலின் மூஞ்சிக்கல் பகுதிப் பழைய இரும்புக் கடையில் ஆலையின் பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு டன் கணக்கில் கிடந்தது வெளிச்சத்துக்கு வந்தது. அந்த மாதமே ஆலை மூடப்பட்டது. சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகிற உலோகம் பாதரசம். அதை வைத்து வேலை செய்தவர்கள் நோயைச் சொல்லி நியாயம் கேட்டார்கள். உடல்நலப் பாதிப்பு இல்லை என்று நிறுவனம் மறுத்துக்கொண்டே வந்தது.

இந்த இழுபறியின் பதினைந்தாவது ஆண்டில் களமிறங்கினார் சென்னை ராப் பாடகி சோஃபியா அஷ்ரப். 2015 ஜூலை 30-ல் வந்த ‘கொடைக்கானல் வோண்ட்’, நிக்கி மினாஜின் ‘அனகோண்டா’ மெட்டில் அமைந்தது. மெட்டைக் கடன் வாங்கியதைச் சிலர் குறையாகச் சொன்னார்கள். நான் அதைத்தான் பாட்டின் முதல் பலமாகச் சொல்வேன். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கும் பாதயாத்திரைக் கூட்டத்தைக் கேளுங்கள். சினிமா மெட்டில் முருகன் பாட்டு வரும். முதல் வரியிலேயே கூட்டம் சேர்ந்து பாடும், மெட்டு ஏற்கெனவே காதில் இருப்பதால். சோஃபியாவும் அந்த வழியில்தான் போனார். உலகமே முணுமுணுத்த தாளத்தில் பாதரசத்தையும் நிறுவனத்தின் பெயரையும் ஏற்றினார். விளம்பர நிறுவனத்தில் வேலை பார்த்தவருக்கு எந்தச் சொல் ஒட்டிக்கொள்ளும் என்பது தெரிந்திருந்தது. பாட்டு லட்சக்கணக்கானவர்களை எட்டியது. நிக்கி மினாஜே அதைப் பகிர்ந்தார். யூனிலீவர் தலைமைச் செயல் அதிகாரி வெளிப்படையாகப் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடு நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது. பாட்டு மட்டும் சாதித்ததல்ல அது. ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படியேறிய தொழிலாளர்களின் வெற்றி. ஆனால் ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் வேகம் கூட்டியது இந்தப் பாட்டு.

பலவீனம் மொழியில். ஆங்கில ராப் லண்டனைத் தொட்டது, ஆலை வாசலில் வேலை பார்த்தவருக்கு அதை ஒருவர் விளக்க வேண்டியிருந்தது.

தொகுப்பில் இரண்டாவதாக 2017 பொங்கலுக்கு வந்த ‘சென்னை புறம்போக்குப் பாடல்’. பாதரசப் பாட்டல்ல, ஆனால் அடுத்த பாதரசப் பாட்டுக்கு வழி போட்டது. களம் எண்ணூர் கழிமுகம், பாடியவர் கர்நாடக இசைக் கலைஞர் டி.எம். கிருஷ்ணா, எழுதியவர் கபேர் வாசுகி. முதல் பாட்டை இயக்கிய ரதீந்திரன் பிரசாத்தான் இதற்கும் இயக்குநர். கச்சேரி ராகங்களில் தெருத் தமிழ் உட்கார்ந்த விதம் புதியது. அவசரமே இல்லாத பாட்டு. ஆனந்தபைரவியில் தொடங்கி ராகம் மாற மாற, கழிமுகத்தின் சாம்பலும் குழாய்களும் கண்முன் விரிகின்றன.

ராகத்தில் தெருத் தமிழைப் பாடிய அந்தப் பயிற்சியின் பலன் 2018-ல் தெரிந்தது. ‘கொடைக்கானல் ஸ்டில் வோண்ட்’ பாட்டில் சோஃபியாவோடு கிருஷ்ணாவும் அம்ரித் ராவும் சேர்ந்தார்கள். இம்முறை கேள்வி நஷ்டஈடு பற்றியதல்ல, மண் பற்றியது. ஆலை இருந்த இடத்தைச் சுத்தம் செய்யும்போது ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் வரை விட்டுவிடலாம் என்ற அளவுகோலை எதிர்த்தது பாட்டு. பணக்கார நாட்டு மண்ணுக்கு ஒரு நியாயம், நம் மண்ணுக்கு ஒரு நியாயமா என்று கேட்டது. ஆலைக்குக் கீழே பாம்பார் சோலை இருக்கிறது. அங்கிருந்து தண்ணீர் சமவெளிக்கு இறங்குகிறது. ராப் அடிக்க, கர்நாடகக் குரல் இழுத்து நிறுத்த, கோபம் தீர்ந்துபோகாமல் கடைசிவரை நிற்கிறது. முதல் பாட்டின் மின்னல் வேகம் இதில் இல்லை. மில்லிகிராம் கணக்கை மெட்டில் ஏற்றுவது கடினம், பார்வையாளர்களும் குறைவு.

என் தீர்ப்பு இதுதான்: தாக்கத்தில் 2015 பாட்டு முந்துகிறது, நீடித்து நிற்பதில் 2018 பாட்டு. ஆனால் தொகுப்பு இன்னும் நிறையவில்லை. ராம்ஸ்டைன் ஆல்பத்தைப் போல இதற்கும் புதிதாக ஒன்று வேண்டும். சொந்த மெட்டு, முழுத் தமிழ், பாதரசத்தோடு வேலை செய்தவர்களின் பேச்சு. கொடைக்கானலில் கிட்டார் வைத்திருக்கும் இளைஞர்களே, அந்தப் பாட்டை நீங்கள்தான் எழுத வேண்டும். சாட்சி சொல்லக்கூடியவர்கள் உங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே போய்க் கேளுங்கள்.